இருபதாவது லொபரான்

“முடியாதுன்னு சொல்லலை மாமா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னுதான் சொல்றேன்,” என்றான் யாகோ, பூண்டு சூப்பில் ரொட்டியை முக்கியபடி.

லெஸ்மெஸ் லொபரான் கரண்டியைக் கீழே வைத்தார். மருமகன் ‘அம்மாகிட்ட கேட்டுக்கறேன்’ என்று சொன்ன எந்தக் காரியமும் வல்தெகரோ ஊரில் இதுவரை நடந்ததில்லை. கல்யாணத்துக்கு வாத்தியக் குழு வைப்பது, வீட்டு ஜன்னலுக்கு நீலச் சாயம் அடிப்பது, நாய் வளர்ப்பது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுபோனவை.

கேட்டது என்னவோ சின்ன விஷயம். மகள் அசுசேனாவுக்கு இந்த மாதம் பிரசவம். ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல் பிறக்கிற பிள்ளைக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். முன்னால் நிற்கிற பெயர்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். பின்னால் நிற்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையோடு சரி. இப்போது சட்டம் மாறியிருக்கிறது. பெற்றோர் இருவரும் சம்மதித்தால் அம்மாவின் பெயரை முன்னால் போடலாம். போடுங்கள் என்று கேட்டார் லெஸ்மெஸ். அவ்வளவுதான்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. லொபரான் என்ற பெயரை முன்னால் வைத்திருப்பவர்கள் நாடு முழுக்கப் பத்தொன்பது பேர். பாதிப் பேர் வல்தெகரோவில். தம்பியும் அவன் பையன்கள் இருவரும் பில்பாவோ நகரத்தில். மீதிப் பேர் அங்கங்கே சிதறிக் கிடந்தார்கள். அதில் இரண்டு பேர் கன்னியாஸ்திரிகள், அவர்களால் இனி எண்ணிக்கை கூடப்போவதில்லை. புள்ளிவிவர அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் எந்தக் குடும்பப் பெயரை அடித்தாலும், எந்த மாகாணத்தில் எத்தனை பேர் என்று வரைபடத்தில் நிறம் பூசிக் காட்டும். ஆனால் மொத்தம் இருபது பேர் இல்லாவிட்டால் காட்டாது. லெஸ்மெஸ் தினமும் தம் இரும்புக்கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் தம் பெயரை அதில் அடிப்பார். வரைபடம் வெள்ளையாகவே கிடக்கும்.

“அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும், தெரியுமில்ல?” என்பாள் மனைவி விசி.

“தெரியும்.”

“பின்ன ஏன் தினம் அடிக்கிற?”

“நான் இல்லைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் அதுக்கு இன்னும் இருக்கான்னு பாக்கறேன்.”

லோபோ என்றால் ஓநாய். முதல் லொபரான் ஓர் ஓநாயைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தார் என்பது குடும்பக் கதை. கடை வாசலுக்கு மேலே அந்த ஓநாயைக் கல்லில் செதுக்கிப் பதித்திருந்தார்கள். மழையில் முகம் தேய்ந்து இப்போது அது ஆடு மாதிரி இருந்தது. ஆடு என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு லெஸ்மெஸ் ஆணி விற்கமாட்டார்.

யாகோவின் அம்மாவைத் தானே பார்த்துப் பேசிவிடுவது என்று முடிவு செய்தார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, உப்பிட்டுக் காயவைத்த முழுப் பன்றித்தொடை ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு சம்பந்தி வீட்டுக் கதவைத் தட்டினார்.

“என்ன சம்பந்தி, யார் செத்துட்டாங்க?” என்றாள் ரெமெதியோஸ் கார்சியா.

“யாரும் சாகலை. சும்மா வந்தேன்.”

“சும்மா வர்றவர் தொடையோடவா வருவார். உள்ள வாங்க, காப்பி போடறேன்.”

காப்பி நன்றாக இருந்தது. தைரியமும் வந்தது. லெஸ்மெஸ் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் ஒன்றும் மாறவில்லை என்பதால், வாதத்தை இன்னும் கொஞ்சம் பலமாக்கலாம் என்று நினைத்தார். எல்லாம் கெட்டது அங்கேதான்.

“யோசிச்சுப் பாருங்க சம்பந்தி. கார்சியாங்க நாட்டுல லட்சக்கணக்குல இருக்காங்க. கல்லை விட்டெறிஞ்சா ஒரு கார்சியா மேலதான் விழும். அதுல ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?”

ரெமெதியோஸ் கோப்பையைத் தட்டில் வைத்தாள். “ஒண்ணு குறைஞ்சா.”

“எண்ணிக்கைக்காகச் சொன்னேன்.”

“இன்னும் பொறக்காத என் பேரனைக் கழிச்சுக் கணக்குப் போடறீங்க. அதுவும் என் வீட்டுல உக்காந்து, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு.”

“தப்பா எடுத்துக்காதீங்க...”

“எங்கப்பா கார்சியா. எங்கம்மா கார்சியா. நான் கட்டிக்கிட்டவரும் கார்சியா. என் பையனுக்கு முன்னாலயும் கார்சியா, பின்னாலயும் கார்சியா. நடுவுல உங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வராதீங்க.”

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். தொடையை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் யாகோ கடைக்கு வந்தான். “அம்மா ராத்திரி பூரா அழுதாங்க மாமா. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்.”

“தொடை எப்படி இருக்குன்னு சொன்னாங்களா?”

“அழுதுக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க.”

பிள்ளை வழியில் கிடைக்காவிட்டால் வேறு வழியில் இருபதைப் பிடிப்பது என்று தீர்மானித்தார் லெஸ்மெஸ். அவருக்கு எல்பிதியோ என்று ஓர் அத்தை மகன். ஆட்டுப்பட்டி வைத்திருக்கிறான். அவனுக்கு ஹெர்ரெரோ முன்னால், லொபரான் பின்னால். வளர்ந்த மனிதர்கள் விரும்பினால் பதிவகத்தில் மனுக் கொடுத்து, பெயர்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.

“மாத்திக்கலாம்,” என்றான் எல்பிதியோ. “ஆனா லொபரான்னு ஆனப்புறம் லொபரானுக்கு உண்டானது என்கிட்ட இருக்கணுமில்ல?”

“எது?”

“கடை வாசல்ல இருக்கே, அந்த ஆடு.”

லெஸ்மெஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். சாயங்காலமே கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். எல்பிதியோ மனுவைக் கொடுத்தான். லெஸ்மெஸ் மனசுக்குள் ‘இருபது’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இனிப்பாக இருந்தது.

அந்த இனிப்பு பில்பாவோவிலிருந்து வந்த தொலைபேசியோடு போயிற்று. பேசியது தம்பி எலாதியோ.

“குடும்பச் சின்னத்தை ஆட்டுப்பட்டியில ஒட்டியிருக்கானாமே அந்த ஹெர்ரெரோ?”

“ஹெர்ரெரோ இல்லடா, இப்ப அவன் லொபரான்.”

“அவன் லொபரான்னா நான் லொபரான் இல்லை. அம்மா பேரை முன்னால போட்டுக்கறேன். இன்னிக்கே மனுக் கொடுத்துட்டேன். பசங்களும் அவங்கம்மா பேருக்கு மாறிட்டாங்க.”

“எலாதியோ, அப்படிப் பார்த்தா நீ சாயிஸ், உன் பசங்க இபார்ரா. அப்பாவும் பிள்ளைங்களும் வேற வேற பேர்ல ஒரே வீட்டுல என்னடா பண்ணுவீங்க?”

“நிம்மதியா இருப்போம்,” என்று வைத்துவிட்டான்.

விசி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “என்னவாம்?”

“ஒண்ணு கூட்டப் போனேன். மூணு கழிஞ்சுடுச்சு.”

“நீ இன்னும் ரெண்டு தடவை முயற்சி பண்ணா நாம ரெண்டு பேர்கூட மிஞ்சமாட்டோம் போலிருக்கே. நானோ லொபரானே இல்லை.”

கல்லைத் திரும்ப வாங்கித் தம்பியைச் சமாதானப்படுத்தலாம் என்று ஒரு யோசனை எஞ்சியிருந்தது. லெஸ்மெஸ் கடப்பாரையோடு ஆட்டுப்பட்டிக்குப் போனார். எல்பிதியோ நல்ல சிமெண்டு போட்டுப் பதித்திருந்தான். அந்தச் சிமெண்டை அவனுக்கு விற்றவர் லெஸ்மெஸ்தான். நெம்பியபோது கல் வரவில்லை. பாதிக் கல் வந்தது. ஓநாயின் தலை கையோடும், உடம்பு சுவரோடும் நின்றன.

எல்பிதியோ சுவரில் நின்ற உடம்பை விரலால் தட்டிப் பார்த்தான். “சரி. நான் ஹெர்ரெரோவாவே இருந்துக்கறேன்,” என்றான். “மனுவைத் திருப்பி வாங்கிடறேன்.”

தலை உடைந்த செய்தி பில்பாவோவுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. எலாதியோ தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டான். பத்தொன்பது பேராக இருந்த குலம் பதினாறாக நின்றது. அன்று காலை லெஸ்மெஸ் கடையில் கணினியைத் திறக்கவில்லை. அதைக் கண்டதும்தான் விசிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அந்த நேரத்தில் அசுசேனாவுக்கு வலி எடுத்தது.

மாகாண ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே நீளமான கூடம். ஒரு மூலையில் லெஸ்மெஸும் விசியும். எதிர்மூலையில் ரெமெதியோஸ், கையில் பெட்டியோடு. பெட்டிக்குள் கார்சியா வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் துணியில் குத்துகிற மாதாவின் வெள்ளிப் பதக்கம் இருந்தது. சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யாகோ உள்ளே போயிருந்தான்.

கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “கார்சியா குழந்தை. யாருது?”

ரெமெதியோஸ் பாய்ந்தாள். அந்த வயதில் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டாள், பதக்கத்தைத் துணியில் குத்தினாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “யாகோவோட மூக்கு. அப்படியே உரிச்சு வச்சிருக்கு. இந்த மூக்குல எந்த லொபரானும் கிடையாது.”

லெஸ்மெஸ் தலையைக் குனிந்துகொண்டார். தம் மூக்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“அம்மா,” என்றான் பின்னால் நின்ற தடித்த ஆள் ஒருவன், “அது என் பையன்.”

“உன் பையனா? நீ யாரு?”

“கார்சியா.”

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் எழுந்து நின்றன. அவர்களும் கார்சியாக்கள். ரெமெதியோஸ் குழந்தையைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். பதக்கம் குழந்தையோடு போயிற்று. தடித்தவனின் மாமியார் அதைத் தடவிப் பார்த்து, “ஆஸ்பத்திரியிலேயே குடுக்கறாங்க போல, நல்ல பழக்கம்,” என்றாள்.

அடுத்த தடவை கதவு திறந்து “கார்சியா” என்றபோது ரெமெதியோஸ் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அதுவும் வேறொருவருடையது. மூன்றாவது தடவை அவள் எழுந்திருக்கவே இல்லை.

“கார்சியா பெண் குழந்தை,” என்று நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். “யாரும் வேண்டாமா இதை?”

பின்னால் யாகோ வந்துகொண்டிருந்தான். “அம்மா, நம்ம குழந்தைம்மா அது.”

ரெமெதியோஸ் பேத்தியை இரண்டு கையிலும் வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் யாரும் நெருங்காதபடி சுவரோரம் போய் நின்றாள்.

“யாகோ.”

“சொல்லும்மா.”

“லொபரான்னு போடு.”

“அம்மா?”

“கேக்கலை? முன்னால லொபரான், பின்னால கார்சியா. என் பேத்தியைக் கூப்பிட்டா என் பேத்திதான் வரணும். ஊர்ல பாதிப் பேர் எழுந்து நிக்கக் கூடாது.”

பிறகு லெஸ்மெஸின் பக்கம் திரும்பினாள். “நீங்க அப்படி முழிக்காதீங்க. ஆட்டுக்காக ஒண்ணும் இல்லை.”

“ஆடாவே இருக்கட்டும் சம்பந்தி,” என்றார் லெஸ்மெஸ். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

உள்ளே கட்டிலில் அசுசேனா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். “ஒன்பது மாசமா இதைத்தான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். என்னை ஒருத்தரும் கேக்கலை,” என்றாள்.

விசியின் தொலைபேசியிலிருந்து பில்பாவோவுக்கு அழைப்புப் போயிற்று. அண்ணி என்று நினைத்து எலாதியோ எடுத்துவிட்டான்.

“பொண்ணு பொறந்திருக்கா. லொபரான்,” என்றார் லெஸ்மெஸ்.

“அந்தக் கார்சியா அம்மா என்ன சொன்னா?”

“அவங்கதான் போடச் சொன்னாங்க.”

“கார்சியாவே வழிவிட்டாளா? நமக்கா?” எலாதியோ உள்பக்கம் திரும்பிக் கத்தினான். “டேய் பசங்களா, இங்க வாங்கடா. மனுவைத் திருப்பி வாங்கணும். அண்ணே, அந்த உடைஞ்ச கல்லை அப்படியே வச்சிரு, நான் வந்து ஒட்டித் தரேன்.”

மூன்று பேர் திரும்பி வந்தார்கள்; ஒருத்தி புதிதாக வந்தாள். இருபது. லெஸ்மெஸ் கீழே ஓடி இரண்டு புட்டி நுரைமதுவும் காகிதக் குவளைகளும் வாங்கி வந்தார். கூடத்தில் இருந்த எல்லாக் கார்சியாக்களுக்கும் ஊற்றினார். தடித்தவனைக் கட்டிப் பிடித்தார். அவன் மாமியாரிடம் பேசிப் பதக்கத்தை மீட்டு ரெமெதியோஸின் கையில் கொடுத்தார். அவளும் ஒரு குவளை வாங்கிக்கொண்டு, “அந்தத் தொடையில இன்னும் பாதி இருக்கு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க,” என்றாள். வரைபடத்தில் வல்தெகரோ இருக்கும் மாகாணம் நிறமாகத் தெரிகிற காட்சி லெஸ்மெஸின் கண்ணுக்குள் விரிந்துகொண்டே போயிற்று.

அப்போது குழந்தையின் கையில் கட்டும் பட்டையோடு, அந்த வாரம்தான் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி வந்தாள்.

“புதுப் பட்டை கட்டணும். என்ன பேர் சார்?”

“லொபரான்,” என்று சொல்லிவிட்டு, எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார் லெஸ்மெஸ். வங்கியிலோ பட்டாளத்திலோ எழுத்துக் கேட்காமல் அந்தப் பெயரை எழுதியவர் யாரையும் அவர் கண்டதில்லை.

அவள் அதற்குள் எழுதிக் கட்டியே முடித்திருந்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

“எழுத்து கேக்கவே இல்லையே நீங்க.”

“என் பேரை எழுதறதுக்கு நான் யாரைக் கேக்கணும்? நானும் லொபரான்தான் சார்.”

லெஸ்மெஸ் பக்கத்திலிருந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “நீங்க எந்தக் கிளை? ஓநாயைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரே, அவர் வழியா?”

“எங்க தீவுல ஓநாயே கிடையாது சார். அந்தக் காலத்துல உங்க நாட்டு கவர்னர் ஒருத்தர், ஜனங்களுக்குக் குடும்பப் பேர் வைக்கணும்னு ஒரு பெரிய பட்டியல் போட்டு ஊருக்கு ஒரு பக்கமாப் பிரிச்சுக் குடுத்தாராம். எங்க ஊருக்கு வந்த பக்கத்துல இந்தப் பேர் இருந்துது.”

“அப்ப அங்க எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டார் லெஸ்மெஸ்.

“ஊரே லொபரான்தான் சார்,” என்றாள் அவள், பட்டையின் முனையைக் கத்தரித்தபடி. “ஒரே ஒரு குடும்பம்தான் கார்சியா, பாவம், அந்த அபூர்வமான பேர் தன்னோட அழிஞ்சுபோயிடக் கூடாதேன்னு அந்தப் பெரியவர் மருமகன் வீட்டு வாசல்ல போய் நின்னு கெஞ்சிக்கிட்டிருக்கார்.”