லண்டன் பாணியில் ஒரு வரன்

தன்னைப் பற்றித் தானே நாலு வரி எழுதச் சொன்னால், மனிதன் ஒன்று பொய் சொல்வான், இல்லையென்றால் ஜோக் அடிப்பான். நான் ஜோக் அடித்தேன். பொய் சொல்லியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

கல்யாண ஆப்பில் என் விவரம் வெகுநாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ‘குடும்பப் பாங்கான பையன், சொந்த வீடு, கடலூர்’ என்று அம்மா எழுதிக் கொடுத்தது. (ஆண்களில் குடும்பப் பாங்கு எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) லண்டனில் இருக்கும் பெரியப்பா மகன் ரமேஷ் அண்ணனிடம் போனில் புலம்பினேன்.

“டேய், அமெரிக்காக்காரன் மலை ஏறுவேன், கடல்ல குதிப்பேன்னு அளப்பான். நம்மாளுங்க சம்பளம், நட்சத்திரம், மனைன்னு பத்திரம் மாதிரி எழுதுவாங்க. இங்க இருக்கறவன் தன்னயே கிண்டல் பண்ணிக்குவான். தொப்ப இருக்கு, டான்ஸ் வராது, எங்க வீட்டுப் பூனைக்கே என்னப் புடிக்காதுன்னு போடுவான். பொண்ணுங்க சிரிச்சிக்கிட்டே வந்துடுவாங்க!”

அன்றைக்கே அம்மாவுக்குத் தெரியாமல் மாற்றி எழுதினேன்: ‘வயது முப்பது, உடம்புக்கு அறுபது. மாடி ஏறினால் ஆம்புலன்ஸ் வேண்டும். வேலை சொன்னால் காது கேட்காது. சாப்பாடு இறங்கும், வேறெதுவும் நடக்காது.’

சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலிலேயே பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பீ! படி இருக்கு! பாத்து, மெதுவா!” தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளே எனக்கு மட்டும் தலையணை வைத்த நாற்காலி. எல்லோருக்கும் கேசரி, பஜ்ஜி. எனக்குக் கஞ்சி.

“உண்மைய மறைக்காம எழுதியிருந்தீங்க, அதான் எங்களுக்குப் புடிச்சிது” என்றார் அம்மாவிடம்.

“என்ன எழுதியிருந்தோம்?”

அவர் போனை எடுத்துப் படித்தார், எனக்கும் கேட்க வேண்டுமே என்று உரக்க. அம்மாவின் முகம் அவள் புடவையைவிடச் சிவந்தது.

“எம்புள்ளைக்கு என்ன கொறச்சல்? தெனம் சில்வர் பீச்சுல குதிர மாதிரி ஓடுறான்!” (நான் அங்கே ஓடியது ஒரே ஒருமுறை. நாய் துரத்தியது.) ஒரு நொடியில் அம்மா அமெரிக்காக்காரி ஆகிவிட்டாள். “டேய், எழுந்து அந்த மாடிப்படிய ஏறிக் காட்டுடா!”

ஏறினேன். பாதியிலேயே மூச்சு திணறியது. குடும்ப மானம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால், கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே போய் மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“பாத்தீங்களாம்மா, பாவம்” என்று கீழே அவர் குரல் கேட்டது.

மாடியில் பெண் நின்றிருந்தாள். பெயர் மலர்விழி. கீழே கூப்பிடும்வரை அங்கே இருக்கச் சொல்லியிருந்தார்களாம். தண்ணீர் பாட்டிலை நீட்டி, “காது சுத்தமா கேக்காதுங்களா?” என்று சைகையோடு கேட்டாள்.

“நல்லாவே கேக்கும்ங்க. எல்லாம் ஜோக்குக்கு எழுதுனது.”

அவள் முகம் வாடிப்போனது. “அய்யோ, அதுக்காகத்தாங்க நான் சரின்னேன். நான் ரொம்ப ஜாஸ்தி பேசுவேன். முன்னாடி பாக்க வந்தவுங்கள்லாம் அதனாலயே வேணாம்னு போயிட்டாங்க.”

எனக்கு முதல்முறையாக ஒரு பெண்ணை இழந்துவிடுவோமோ என்ற பயம் வந்தது. அதுவும் நல்ல காது இருக்கிற குற்றத்துக்காக.

“பரவால்லீங்க, கேக்காத மாதிரி பழகிக்கிறேன்” என்றேன்.

சிரித்துவிட்டாள். அப்படிச் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தவள்தான். கல்யாணமாகி மகள் பள்ளிக்கூடம் போகிறாள், இன்னும் பேச்சு முடியவில்லை.

போன மாதம் என் தம்பிக்குப் பெண் தேட ஆரம்பித்தோம். அம்மா என்னைப் போன் பக்கமே விடவில்லை. மலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிப்பு, வேலை, நட்சத்திரம் என்று கவனமாகச் சொல்லி எழுத வைத்தாள். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரியை மட்டும் தன் கையாலேயே தட்டிச் சேர்த்தாள்:

‘இதைப் பையனின் அண்ணன் எழுதவில்லை.’