மூன்று கட்டச் சமையல்

கொதிக்கும் தண்ணீருக்குள் கண்ணாடி ஊசிகள் ஒன்றையொன்று முட்டும் சத்தம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கிணுக். கிணுக். ஒரு சின்ன மௌனம். மறுபடி கிணுக். எனக்கு அப்போது எட்டு வயது. துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு தட்டு கொதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். நாலாவது பிள்ளை சட்டைக் கையை மடிக்கும்போதே நான் விழுந்துவிட்டேன். அன்றைக்கு ஊசி போட்டவர்களில் ஒருவரும் விழவில்லை. போடாத நான் ஒருவன்தான் விழுந்தேன்.

நான் ஏன் விழுந்தேன் என்பது எனக்கும் அந்தச் சத்தத்துக்கும் மட்டுமே தெரியும் என்று ஐம்பத்துநாலு வருடம் நம்பியிருந்தேன்.

என் பெயர் தவராசா. மஸ்கட்டில் ஒரு துறைமுகக் களஞ்சியத்துக்கு இருபத்துமூன்று வருடம் பொறுப்பாக இருந்தவன். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரேயடியாகத் திருகோணமலைக்குத் திரும்பி வந்தேன். வந்த மறுநாளே குசினிப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டினேன். கடுகுப் போத்தலில் ‘கடுகு’ என்று எழுதினேன். என் மனைவி குணேஸ்வரி அதை ஒரு நிமிடம் பார்த்தாள். இவ்வளவு காலமும் அது என்னவென்று தெரியாமலே தாளித்துவிட்டதாகச் சொன்னாள். எங்களுக்குக் கலியாணமாகி முப்பத்துநாலு வருடம். அதில் சேர்ந்திருந்தது பதினொன்று. ஆகையால் அவளுடைய பேச்சில் எது பகிடி, எது பாராட்டு என்று பிரித்தறியும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

சிக்கல் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒரு தொலைபேசி அழைப்பாக வந்தது. எங்கள் ஒரே மகள் தர்சிகா கனடாவில் இருக்கிறாள். நவம்பரில் பிள்ளை பிறக்கும், அம்மாவும் அப்பாவும் வந்து ஆறு மாதம் நிற்க வேண்டும் என்றாள். விசா முன்பே குத்திக் கிடந்தது. ஆனால் கொரோனா ஊசி இரண்டும் போட்டவர்களைத்தான் அந்த நாடு உள்ளே விடும். அதிலும், அது ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள ஊசியாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தது வேறு ஊசி. அது எங்களைக் காப்பாற்றும், ஆனால் அப்போதைக்கு அந்த நாட்டின் வாசலைத் திறக்காது. வெளிநாடு போகிறவர்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டினால், பட்டியலில் உள்ள ஊசியைத் தனியாக ஒரு நாளில் போடுவார்களாம்.

நான் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று என் முடிவை அறிவித்தேன். சோதனை முடியாத ஊசியை என் உடம்பில் ஏற்றமாட்டேன்.

உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, கிணுக். இரண்டாவது, சொதி. இருபத்துமூன்று வருடம் கம்பெனி மெஸ்ஸில் ஒரே பருப்பைத் தின்றவன் நான். அந்தப் பருப்பை எதிரே வைத்துக்கொண்டு குணேஸ்வரியின் தேங்காய்ப்பால் சொதியை நினைத்தே சோற்றை விழுங்கினேன். இப்போதுதான் அது நேரில் கிடைக்கிறது. அவள் கனடாவுக்குப் போய் ஆறு மாதம் நின்றால் என் கதி என்ன? என் கணக்கு மிகச் சுலபமானது. நான் போகாவிட்டால் அவளும் போகமாட்டாள். கொழும்புக்கே தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள்.

காரணத்தை மறைக்க விஞ்ஞானத்தைக் கூப்பிட்டேன். தொலைபேசியில் வாசித்ததையெல்லாம் ஒரு கிழமை விரிவுரையாக நிகழ்த்தினேன். முதலில் மிருகத்தில் பார்ப்பார்கள். பிறகு மனிதரில் முதலாம் கட்டம்: ஆளுக்கு ஆபத்தா? இரண்டாம் கட்டம்: எவ்வளவு கொடுப்பது? மூன்றாம் கட்டம்: ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது. இதற்கெல்லாம் வழக்கமாகப் பத்து வருடம் போகும். இவர்கள் ஒரு வருடத்தில் முடித்திருக்கிறார்கள். மருந்து வெளியில் வந்த பிறகும் நாலாம் கட்டம் என்று ஒன்று உண்டு. பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முடிவே இல்லை.

குணேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“சோறு வெந்து, பிறகு கறி வைச்சு, பிறகு சொதி வைச்சா எத்தினை மணித்தியாலம் போகும்?”

“ரெண்டரை.”

“மூண்டு அடுப்பிலயும் ஒரே நேரத்தில வைச்சா?”

“ஒண்டு.”

“அப்ப நான் உங்களுக்குப் பச்சைச் சோறோ தாறனான்?”

நான் கடுகுப் போத்தலைப் பார்த்தேன். அதில் பதில் எழுதியிருக்கவில்லை. முன் வீட்டு ஜெனிதாவும் இதையேதான் சொன்னாளாம். அவள் எங்கள் பகுதியின் குடும்பநல மாது, வீடு வீடாகப் போகும் அரசாங்கச் சுகாதார ஊழியர். கட்டங்கள் ஒன்றும் விடுபடவில்லை, ஒன்று முடியும்வரை காத்திராமல் பக்கத்தில் பக்கத்தில் நடத்தினார்கள், சோதனைக்கு வந்தவர்கள் மட்டும் பல்லாயிரம் பேர் என்று விளங்கப்படுத்தினாளாம். நான் அசையவில்லை. பத்து வருடம் என்றால் பத்து வருடம்.

அந்தக் கிழமை மஸ்கட்டிலிருந்து இன்ஷாப் அழைத்தான். அங்கே என்னோடு ஒரே அறையில் இருந்த கிண்ணியாப் பொடியன். பொடியன் என்கிறேன், ஐம்பது வயது. தங்கள் கம்பெனிக்காரருக்கு இன்னும் முறை வரவில்லை, ஊருக்கு வந்து போடலாமென்றால் விமானமும் இல்லை, இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்பதாகச் சொன்னான். என் முடிவை அவனுக்குப் பெருமையாகச் சொன்னேன். “அண்ண, உங்களுக்கு வேணாமெண்டா அந்த ஊசியை ஒரு பார்சலில போட்டு அனுப்புங்கோ” என்றான். அவன் பகிடி விடவில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் அறிவித்த முடிவு அறிவித்ததுதான்.

அன்று மாலை குணேஸ்வரி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, “ஓம், நீங்கள் சொல்றதும் சரிதான்” என்றாள்.

நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் முப்பத்துநாலு வருடத்தில் இதற்கு முன் இரண்டே தடவைதான் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள். முதல் தடவை என் மீசை போனது. இரண்டாம் தடவை மோட்டார் சைக்கிள் போனது.

சோதனையில்லாமல் எதையும் நம்பக்கூடாது என்பது தனக்கும் விளங்கிவிட்டது என்றாள். அதை வீட்டிலே ஒருக்காச் செய்து பார்த்தால் என்ன? எதைச் சோதிப்பது என்று கேட்டேன். உங்களுக்குச் சமைக்க வருமா என்பதைச் சோதிக்கலாம், நீங்கள்தானே முறை தெரிந்த ஆள் என்றாள். களஞ்சியத்தில் என்னை யாரும் ‘முறை தெரிந்த ஆள்’ என்று சொன்னதில்லை. நான் ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டேன்.

முதலாம் கட்டத்துக்கு முன் மிருகச் சோதனை. எங்கள் தெருவில் புள்ளிமான்கள் வீட்டு வாசலுக்கே வந்து மரக்கறித் தோலுக்கு நிற்கும். நான் வடித்த முதல் சோற்றை ஒரு பெரிய கொம்பன் மானுக்கு முன்னால் வைத்தேன். அது முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு மதிலோரம் கிடந்த கடதாசி மட்டையைத் தின்னப் போனது. மான் தகுந்த பிராணி அல்ல என்று கொப்பியில் எழுதினேன்.

முதலாம் கட்டம், ஆபத்து. விரலில் ஒரு வெட்டு, முழங்கையில் ஒரு சூடு. ஆள் உயிரோடு இருந்தார். இரண்டாம் கட்டம், அளவு. உப்பு எவ்வளவு என்பதை அறிய ஒன்பது நாள் போனது. பக்கவிளைவும் இருந்தது. பக்கத்து வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் வைத்த முதல் மீன்கறி மறுநாளே ஊசிப்போனது. ஊசிக்குப் பயந்து ஒளிந்தவனின் சட்டிக்குள் அது தானாகவே வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் ஒரு புதன்கிழமை, தர்சிகா ஏதோ இலக்கம் கேட்கிறாள் என்று குணேஸ்வரி தன்னுடைய கடவுச்சீட்டைக் கேட்டாள். அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருக்கும். நானே திறந்து, நானே எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தேன். அவள் ஜெனிதாவோடு வெளியில் போய் மத்தியானம் வந்தாள். மறுநாள் இடது கையைத் தூக்கச் சிரமப்பட்டாள். சரிந்து படுத்ததில் பிடித்துவிட்டது, தேங்காய் திருவ ஏலாது என்றாள். திருவலையில் நான் உட்கார்ந்தேன். பால் பிழிந்தேன். அவள் கதிரையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல என் வாழ்வின் முதல் சொதியை வைத்தேன். பால் திரையவில்லை. அதைக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன்.

சரியாக நாலு கிழமைக்குப் பிறகு இன்னொரு புதன்கிழமை. மறுபடி ஜெனிதா. மறுபடி இடது கை. இம்முறை இலேசான காய்ச்சலும். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் நாலு நாள் கொத்தமல்லி இடித்திருப்பேன். இருபத்துமூன்று வருடம் சரக்கு வந்த தேதியையும் போன தேதியையும் பார்த்தே வாழ்ந்தவன் இரண்டு புதன்கிழமைகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் கட்டம், பலர். ஊரடங்கு தளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிதாவையும் அவளுடைய கணவர் கிறிஸ்தோபரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் மூட்டினேன். சோறு, பாரைமீன் கறி, சொதி. ஒரு மணித்தியாலத்தில் மூன்றும் இறங்கின. கிறிஸ்தோபர் பேசாமல் மூன்று தரம் சோறு போட்டார். சாப்பாட்டுக் கோப்பையைத் துடைத்தெடுத்த பிறகு ஜெனிதா குணேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

“அன்ரி, இனி நீங்கள் யோசிக்காமல் போகலாம். அங்கிள் பாதுகாப்பு.”

“எங்க போறது?” என்றேன்.

குணேஸ்வரி கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு ஊசி அட்டையையும் விமானச் சீட்டையும் என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் இரண்டு தேதிகள். இரண்டும் புதன்கிழமை. சீட்டில் ஒரே ஒரு பெயர்.

“நீர் தனியக் கொழும்புக்கே போகமாட்டீரே” என்றேன்.

“ஆர் சொன்னது? பிள்ளையின்ர விசாவுக்கு எத்தினை தரம் போனனான். வழியில ஆமிக்காரர் எத்தினை இடத்தில இறக்கி ஏத்துவாங்கள். நீங்கள் அப்ப மஸ்கட்டில.”

“ஆறு மாதம் நான் தனிய எப்படி இருக்கிறது?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

“நான் இருபத்துமூண்டு வருஷம் தனியத்தானே இருந்தனான்.”

கிறிஸ்தோபர் நாலாம் தரம் சொதி கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நானும் வந்து ஊசி போட்டிருப்பேனே என்று குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

“போட்டிருக்கமாட்டீங்கள். வரிசையில விழுந்திருப்பீங்கள். கலியாணத்தண்டே மாமி சொன்னவ.”

ஐம்பத்துநாலு வருட இரகசியம் எங்கள் வீட்டில் முப்பத்துநாலு வருடமாகக் குடியிருந்திருக்கிறது.

ஒக்டோபர் கடைசியில் அவள் போனாள். வான் வந்து நின்றபோது இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தேன். சொதியை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள் என்று சொல்லிச் சொதியைத் திருப்பித் தந்தாள். வான் துறைமுக வீதியில் திரும்பியபிறகும், ஒலி எழுப்பாமல் ஒரு கப்பல் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டு சட்டியோடு நின்றேன். மான் வந்து என் கையை முகர்ந்தது. அன்றைக்கு மான் சொதி குடித்தது. கொப்பியில் எழுதினேன்.

மறு கிழமை ஜெனிதா என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனாள். தெருக்காரருக்குப் போடும் ஊசிதான். கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கொதிக்கும் தட்டு இல்லை, கண்ணாடி இல்லை. கடதாசி கிழிகிற சத்தம் மட்டும். எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். போட்டாகிவிட்டது, எழும்புங்கோ என்றார்கள். அதைக் கேட்டதும் விழுந்தேன்.

என் இரண்டாம் ஊசியும் முடிந்தது. கொஞ்ச நாளில் அந்த நாடும் நான் போட்ட ஊசியைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நான் உடனே தொலைபேசி எடுத்தேன். திரையில் பேத்தியின் உள்ளங்கால் மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் எங்கோ குணேஸ்வரி. இப்போது நானும் வரலாம், சீட்டுப் போடவா என்று கேட்டேன்.

“சோதனையை இடையில முறிச்சா முடிவு பிழைச்சுப்போகுமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்” என்றாள்.

அப்படி நான் சொன்னேனா என்று கொப்பியில் தேடினேன். சொல்லியிருந்தேன். சிவப்பு மையால்.

ஆறு மாதம் எட்டாகி, எட்டு பதினொன்றானது. இன்ஷாப்புக்கு அங்கேயே முறை வந்து ஊசி போட்டு, விடுமுறையில் வந்தபோது என் வீட்டில் சாப்பிட்டான். சொதியை வாயில் வைத்ததும், அண்ணி எப்போது வந்தவ என்று கேட்டான்.

குணேஸ்வரி அடுத்த வருடம் செப்டெம்பரில் திரும்பி வந்தாள். வந்து கதிரையில் இருந்து, சொதியை ஒரு வாய் குடித்துப் பார்த்து, குசினிப் பக்கம் போகாமலே படுக்கப் போனாள். நான் இன்றுவரை நாலாம் கட்டத்தில் இருக்கிறேன்.