யாரோ ஓர் அம்மாவுக்காக

மனிதர்களில் கேட்டு வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவசரப்பட்டு முகம் சுளிக்காதீர்கள். இவர்கள் தங்களுக்காக எதையும் கேட்பவர்கள் அல்லர். பக்கத்துத் தெருவில் எவருக்கோ சக்கர நாற்காலி வேண்டும், எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும், முதியோர் இல்லத்துக்குப் போர்வை வேண்டும், நூலகக் கூரை ஒழுகுகிறது, ஏணியோடு ஒருவர் வேண்டும் என்று ஊராருடைய தேவையையெல்லாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, செருப்புத் தேய அலைந்து, வெட்கம் பார்க்காமல் எந்தக் கதவையும் தட்டி, கேட்டதை வாங்காமல் நகரமாட்டார்கள். தமக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நம் டீச்சர் அந்த இனத்தின் அசல் மாதிரி. பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு தலைமுறை ஆகிறது. பள்ளிக்கூடம்தான் ஓய்வு பெற்றது, அவர் பெறவில்லை என்று சொல்வாரும் உண்டு.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு வித்தை. "யாராவது ஒருத்தர்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதற்கு மேலாக எல்லாரையும் பார்ப்பார். அவ்வளவுதான். திட்டாவது திட்டலாம் அல்லவா? மாட்டார். அந்த மௌனம் கனத்துக்கொண்டே போகும், யாரோ ஒருவருக்கு முதுகு வியர்க்கும், கடைசியில் ஒரு கை உயரும். அந்தக் காலத்தில் கரும்பலகை துடைக்க உயர்ந்த அதே கைதான், இன்றைக்கு வழுக்கைத் தலைக்கு மேலே உயர்கிறது. தையல்காரர் ஒருமுறை ஊர் நற்பணி மன்றக் கூட்டத்தில் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தார். கை தலைக்கு மேலே போய்விட்டது. இன்றுவரை ரத்ததான முகாமுக்குப் பொறுப்பாளர் அவர்தான்.

தெருமுனையில் டீச்சரின் குடை தெரிந்தால் மருந்துக்கடைக்காரம்மா, விழாத பொருளைத் தேடிக் கீழே குனிவார். பேருந்துக்காக நிற்பவர்கள் தங்கள் ஊருக்குப் போகாத பேருந்தில்கூட ஏறிவிடுவார்கள். ஏறி என்ன பயன்? அவர் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. இரண்டு கண்ணிலும். வாரம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது அவருடைய நெடுநாள் வழக்கம். எழுத்து மங்கத் தொடங்கியதும் முதலில் தலைப்பை மட்டும் படித்தார். தலைப்பும் மங்கியதும் தாமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து நாட்டில் விலைவாசி இறங்கியது, திருடர்கள் திருந்தினார்கள், மந்திரிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். "இப்பல்லாம் பேப்பர் நல்லா வருதும்மா" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். டீச்சருக்குத்தான் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. ஆயுள் முழுக்கப் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அல்லவா?

கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா சிக்கல்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லி ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அந்த நாளில் குளித்து முழுகி, தன்னந்தனியாகப் போய் நின்றார்.

"கூட யார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நானே வந்துட்டேன்மா."

"ஆபரேஷன் உங்களுக்கு. திரும்பக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"வாசல்லயே பஸ் நிக்குதே."

"பஸ் வந்து கையெழுத்துப் போடுமா பாட்டி? துணைக்கு ஆள் இல்லாம நாங்க கண்ணைத் தொட மாட்டோம்."

வேறு நாள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் ஒரு பெரியவர் துணைக்கு ஆளில்லாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு மனசு கேட்குமா? உடனே தையல்காரருக்குப் போன் போட்டு, பாதித் தையலில் இருந்தவரை வரவழைத்து, பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தாம் தனியாக பஸ் ஏறினார். தமக்கும் அதே துணைதான் தேவை என்று தையல்காரரிடம் ஒரு வார்த்தை? மூச்.

வெளியூரில் இருக்கும் மகனிடமும் சொல்லவில்லை. போனில் அவன் கேட்டபோது, "என் கண்ணுக்கென்ன, பளிச்சுனு இருக்கு" என்றார், போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

ஆனால் ஒரு யோசனை உதித்தது. அடுத்தவருக்காகக் கேட்டால்தானே வாய் வரும்? அப்படியே கேட்டுவிட்டால் போகிறது!

அந்த வாரம் நற்பணி மன்றம் நூலகத்தின் பின்னறையில் கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை, வழக்கம்போல ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். விதிமுறை என்றால் அவருக்கு உயிர்.

டீச்சர் எழுந்தார். "ஒரு வயசான அம்மா. தனியா இருக்காங்க. கண் ஆபரேஷன் பண்ணணும். கூடப் போய் உட்காரணும், அப்புறம் கொஞ்ச நாளைக்குச் சொட்டு மருந்து விடணும். யாராவது ஒருத்தர்..."

நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். இறக்கியதுதான் தாமதம், மிச்சம் மீதி இருந்த பார்வையும் போய் எதிரே ஒரே புகைமூட்டம். தையல்காரர் அந்தக் கணமே கையைத் தூக்கிவிட்டார். டீச்சர் அவரையே உற்றுப் பார்த்தார். தையல்காரர் நடுங்கிப்போய் இன்னொரு கையையும் தூக்கினார்.

"என்ன, ஒருத்தர்கூடவா இல்ல?" என்றார் டீச்சர் வருத்தமாக.

மருந்துக்கடைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருங்க டீச்சர்," என்று குறுக்கே வந்தார் தலைவர். "அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"ஒரு பையன். வெளியூர்ல இருக்கான்."

"பெத்தவளுக்குக் கண்ணு தெரியல, பிள்ளை வெளியூர்ல சுகமா உட்கார்ந்திருக்கானா? இதெல்லாம் ஒரு பிள்ளையா?"

"அவன் தங்கமான பையன்!" டீச்சரின் குரல் உயர்ந்தது. "அவனுக்கு விஷயமே தெரியாது. தெரிஞ்சா ஓடி வந்துடுவான். பாவம், அவனுக்கு அங்க ஆயிரம் வேலை."

"சொல்லாம மறைச்சா அவனுக்கு எப்படித் தெரியும்? அழுத்தக்காரம்மாவா இருக்காங்களே!"

"அழுத்தமெல்லாம் இல்லைங்க. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு ஒரு..."

"அதுக்குப் பேருதான் அழுத்தம்," என்றார் மருந்துக்கடைக்காரம்மா, டீச்சர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, நாலு பேருக்கு உதவினவங்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறது நம்ம வழக்கம். அந்தம்மா இந்த ஊருக்கு ஏதாவது செஞ்சிருக்காங்களா?"

இதைவிட நல்ல வாய்ப்பு எவருக்காவது வாய்க்குமா? அந்த அறையின் கூரை, அலமாரி, மின்விசிறி, ஏன், தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, எல்லாமே அந்தம்மா கேட்டு வாங்கியவை. ஆனால் தற்பெருமை கூடாது என்று பாடம் நடத்தியவரும் அதே அம்மாதானே.

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லைங்க," என்றார் டீச்சர். "ஏதோ நாலு பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னாங்க."

"அப்போ அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

தம் வாயாலேயே தம் மனுவைத் தள்ளுபடி செய்துகொண்ட முதல் ஆள் அநேகமாக டீச்சராகத்தான் இருப்பார். தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "நான் போறேன் தலைவரே, ரெண்டு கையும் தூக்கியிருக்கேன்" என்றார். தலைவர் அசையவில்லை. "உதவி வேணும்கிறவங்க நேர்ல வந்து அவங்க வாயால கேக்கணும். இது டீச்சர் கொண்டுவந்த விதி. அவங்களே மீறலாமா?"

உண்மைதான். மன்றத்தார் ஒருமுறை, கேட்காத ஒருவர் வீட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புகுந்து, அவர் உயிராக வளர்த்த மூலிகைகளையெல்லாம் களை என்று பிடுங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு டீச்சர் அடித்துப் பேசி நிறைவேற்றிய விதி அது. தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பது இதுதான்.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்த மாதம் என்பார்கள், அதற்கு அடுத்த மாதம் என்பார்கள். அதற்குள் இந்தப் புகைமூட்டமும் இருட்டாகிவிடும். அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பயந்ததே இல்லை.

வலது கையை மெல்லத் தூக்கினார்.

"சொல்லுங்க டீச்சர்," என்றார் தலைவர்.

"அந்தம்மா வந்திருக்காங்க."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். தையல்காரர் வருகிறவருக்காகத் தம் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார்.

"எங்க?"

"நான்தான்" என்று எழுந்து நின்றார் டீச்சர். "எனக்கு... யாராவது ஒருத்தர்..."

மேலே பேச முடியவில்லை. இந்தத் தடவை அது வித்தை இல்லை. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

மருந்துக்கடைக்காரம்மா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். "டீச்சர், எல்லாரும் கை தூக்கியிருக்கோம். தலைவரும்தான். தெரியுதா?"

"தெரியல" என்றார் டீச்சர்.

ஊரே ஆயுள் முழுக்க அவர் வாயிலிருந்து கேட்காத வார்த்தை அது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட வந்த கூட்டத்தைப் பார்த்து, அந்த வீட்டில் ஏதோ விசேஷம் என்று தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகன் அலறி அடித்துக்கொண்டு வந்து, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சண்டை போட்டான். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே வந்துட்ட" என்றார், கட்டுப் போட்ட கண்ணோடு. திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். தம் முறைக்காகக் காத்திருந்தவர்களைச் சும்மா உட்கார விடாமல், நூலகத்துப் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார், இல்லையா? அக்காவோ அத்தையோ பழைய வாத்தியாரோ, "எனக்கெல்லாம் ஒண்ணும் வேண்டாம்பா" என்று சொல்லியே காலம் தள்ளுகிற ஒருவர். இது அப்படியே அவருக்குத்தான் பொருந்துகிறது, உடனே அவருக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள்.

பார்த்தீர்களா? இதையும் அடுத்தவருக்காகத்தான் வாங்கிக்கொண்டீர்கள்.