மௌன ஜெபத்தில் அலறிய வீடு

சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் எந்த விளக்கை எங்கே போடுவது, எதை எதோடு இணைப்பது என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். (கேட்கலன்னாலும் நானே போய்ச் சொல்லிடுவேன், அது வேற விஷயம்.) அந்தத் தலைக்கனத்துக்கு அஸ்திவாரம் போட்டதே ஒரு மானக்கேடுதான்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எங்கள் அப்பா, அதாவது நைனா, புது வீடு கட்டி முடித்த நேரம். வீட்டின் முன்பக்கம் ஷட்டர் போட்ட ஒரு ரூம். அதை ஒரு பேக்கரிக்கு வாடகைக்கு விடலாம் என்பது பெரியப்பாவின் யோசனை. சென்னையில் ஒரு விளக்குக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அங்கே மேனேஜரோடு சண்டை போட்டுத் திரும்பி வந்திருந்த எனக்கோ, அந்த ரூமில் கடை போட வேண்டும். போனில் தட்டினால் எரியும் விளக்கு, ஆள் வந்தால் சுற்றும் ஃபேன், தானாக மூடும் திரை, இதெல்லாம் மாட்டிக் கொடுக்கும் கடை.

"இந்த ஊர்ல எவன்மா போன்ல லைட்டு போடுவான்? எழுந்து போய் சுவிட்ச தட்டறதுக்கு இன்னா நோவு?" என்றார் பெரியப்பா.

நைனா நடுவில் புகுந்தார். "இதோ பாரு ஸ்டெல்லா. நம்ம வீட்டுக்கு நீயே எல்லாத்தையும் மாட்டு. சாமியார் வந்து ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்கிற அன்னிக்கு சொந்தபந்தம் அத்தனையும் வரும். அன்னிக்கு எல்லாம் நல்லபடியா வேலை செஞ்சா ரூம் உனக்கு. இல்லன்னா பேக்கரிக்கு."

அவ்வளவுதான், எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

முதல் தலைவலி, வாங்கிய பொருள்கள். விளக்கு ஒரு கம்பெனி, ஃபேன் கண்ட்ரோல் இன்னொரு கம்பெனி, திரை மோட்டார் வேறு, கதவுப் பூட்டு வேறு. ஒவ்வொன்றுக்கும் போனில் தனித்தனி ஆப். ஒரே பந்தியில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்திகள் மாதிரி, ஒன்றோடு ஒன்று பேசவே பேசாது. இவற்றையெல்லாம் பேச வைக்க ஒரு சின்ன வெள்ளை டப்பா வாங்கினேன். எல்லாக் கருவியும் அந்த டப்பா சொல்வதைத்தான் கேட்கும். வீட்டுக்கு நட்டநடுவில் இருந்தால் சிக்னல் நன்றாகப் போகும் என்று ஹாலில் மாதா சுரூபம் வைத்த பீடத்துக்கு அடியில் அதை வைத்தேன். (அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "மாதாவே பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டாள்.) சுவரில் ஒரு சுவிட்ச் கூட வைக்கவில்லை. பளிங்கு மாதிரி வழவழவென்று சுவர், பார்க்கவே கண்ணு பட்டுவிடும்.

ஹாலின் மூலையில் ஒரு சென்சார். ஆள் அசைந்தால் விளக்கும் ஃபேனும் ஓடும். கொஞ்ச நேரம் எந்த அசைவும் இல்லையென்றால், வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் நிறுத்தி, திரையை மூடி, கதவுகளைப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு உள்ளே ஏதாவது அசைந்தால்? திருடன்! சைரன் அலறும், வாசல் விளக்குகள் விட்டுவிட்டு மின்னும், எங்கள் எல்லார் போனுக்கும் தகவல் வரும். பக்கத்து வீட்டுப் பூனைக்கெல்லாம் அலறக்கூடாது என்று, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இருப்பதைக் கண்டுகொள்ளாதபடி சென்சாரைத் திருப்பி வைத்தேன். என்ன மூளை, என்ன மூளை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க சோதனை. ஒரு குறை சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சும்மா இருக்கத் தெரியாது. அம்மா உட்கார்ந்திருந்தாலும் கை பேசிக்கொண்டே இருக்கும். நைனா தூங்கும்போது கூட சொறிந்துகொண்டுதான் தூங்குவார்.

மந்திரிப்பு அன்று சாயங்காலம் வீடு நிறைய ஜனம். எங்கள் கோயில் பாதிரியார், பங்குச்சாமி, வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜெபம் ஆரம்பிக்கும் முன் ஒரு தாம்பாளத்தை நீட்டி எல்லார் செல்போனையும் அதில் வைக்கச் சொல்வார். அப்படி வாங்கிய போன்களை, என்னுடையதையும் சேர்த்து, முன்பக்க ரூமில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் பட்டுப்புடவையில், முதல் வரிசையில், பூரித்துப்போய் நின்றேன். சாமி உள்ளே வந்தபோது தானாக விளக்கு எரிந்ததைப் பார்த்து "அடடே!" என்றார். நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மோட்டுவளையைப் பார்த்தார்.

பைபிள் வாசகம் வாசித்தார்கள். தீர்த்தம் தெளித்தார்கள். பிறகு சாமி கண்ணை மூடி, "இந்த இல்லத்திற்காக சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் பங்குச்சாமியின் மௌனம் ஊரறிந்தது. கோயிலிலேயே அந்த நேரத்தில் குட்டித் தூக்கம் போடுகிறவர்கள் உண்டு. அத்தனை பேரும் கைகூப்பி, தலை குனிந்து, மூச்சு விடுகிறார்களா என்றே தெரியாமல் நின்றார்கள். என் குடும்பம் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அசையாமல் நின்றது.

ஃபேன் நின்றது.

"கரண்டு பூட்ச்சு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரைகள் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, மூடிக்கொண்டன. கடைசியில் வாசல் கதவிலும் முன்பக்க ரூம் கதவிலும் 'டிக்' என்று பூட்டு விழுந்தது. இத்தனை பேர் நிற்கும் வீட்டை, காலி வீடு என்று என் டப்பா முடிவு கட்டிவிட்டது! இனி யாராவது அசைந்தால் தொலைந்தோம். "சாமி..." என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஜெபத்தை முடித்துவிட்டார்.

"பிதா, சுதன்..."

அத்தனை கைகளும் சிலுவை அடையாளம் போட நெற்றிக்கு உயர்ந்தன. சைரன் அலறியது பாருங்கள், செஞ்சிக் கோட்டை மேல் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும்! பூட்டிய ரூமுக்குள் தாம்பாளத்தில் எங்கள் வீட்டு போன்கள் ஒன்று சேர்ந்து கத்தின. குழந்தைகள் வீறிட்டன. இருட்டில் யாரோ என் காலை மிதித்தார்கள்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன். "அப்படியே நில்லுங்க! அசைஞ்சா கத்தும்!"

நின்றார்கள். சாமி, நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிய கையோடு, பாதிச் சிலுவையில் நின்றார். சைரன் ஓய்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரம் பார்த்து பெரியப்பா கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைப் பளாரென்று அடித்தார். மறுபடியும் ஆரம்பித்தது.

வாசலில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு பாஷா பாய், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார். "இன்னாம்மா ஆச்சு? உள்ள திருடனா?"

"திருடன் இல்ல பாய்! ஜெபம் பண்றோம்!"

"ஜெபமா? இம்மாம் சத்தமாவா?"

எனக்கு அழுகை முட்டியது. கதவைத் திறக்க போன் வேண்டும். போன் பூட்டிய ரூமில். சாவியா? இந்த வீட்டுக்குச் சாவியே தேவையில்லை என்று பீற்றிக்கொண்டு, அதைப் பழைய வீட்டு பீரோவில் போட்டவளே நான்தான். மிச்சம் இருந்தது ஒரே வழி, பீடத்துக்கு அடியில் இருக்கும் டப்பா. முழங்காலுக்குக் கீழே போகிற எதையும் சென்சார் பார்க்காது. பூனைக்குச் செய்த ஏற்பாடு!

தரையில் குப்புறப் படுத்தேன். பட்டுப்புடவையோடு, முழங்கையை ஊன்றி ஊன்றி, சொந்தக்காரர்களின் கால்களுக்கு நடுவே ஊர்ந்தேன்.

"பாவம், சாமி கால்ல உழுந்து மன்னிப்பு கேக்குது" என்றாள் பெரியம்மா, உதடு அசையாமல்.

சாமியின் அங்கி என் முகத்தில் பட்டது. அவர் கண்ணை மட்டும் கீழே இறக்கினார். "என்னம்மா பண்ற?"

"ரீசெட், சாமி."

டப்பாவின் பின்னால் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சைரன் அடங்கி, எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. பூட்டுகள் திறந்தன. திரைகள் இரண்டு பக்கமும் விலகின. ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு பாதித் தெரு நின்றிருந்தது. எல்லாரும் பார்க்க நான் பீடத்துக்கு அடியிலிருந்து, தலையில் சிமெண்ட் தூசியோடு, பின்பக்கமாக வெளியே வந்தேன்.

"பேக்கரிக்காரன வரச் சொல்லிடறேன்" என்றார் பெரியப்பா.

அப்போது பாஷா பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். மூலையிலிருந்த சென்சாரை அண்ணாந்து பார்த்தார். "எங்க கடைக்கும் இத வெச்சுக் குடும்மா. சாமியாரையே விடல, திருடன விட்டுடுமா?"

சாமிதான் முதலில் சிரித்தார். பாதியில் விட்ட சிலுவையைப் போட்டு முடித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். நைனா பெரியப்பா பக்கம் திரும்பினார். "தொறக்கறதுக்கு முன்னாலயே ஆர்டர் வந்த கடைய எப்பிடிண்ணே மூடறது?"

மறுநாள் அம்மா நைனாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் வாசல் சாவி இருந்தது. பழைய வீட்டு பீரோவிலிருந்து சத்தமில்லாமல் எடுத்து வந்திருக்கிறார்! சைரன் அலறியபோதும் சட்டைப் பையில் சாவியோடுதான் நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் நைனா எடுக்கல? என் மானமே போச்சே!"

"எடுக்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள நீ தரையில படுத்துட்ட. சரி, நம்ம பொண்ணு ஏதோ வழி கண்டுபுடிச்சிட்டான்னு நின்னுட்டேன். நான் கதவத் தொறந்தா, உங்க பெரீப்பன் அத இல்ல சொல்லிக் காட்டுவான்?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்தக் கோளாறை நான் சரி செய்து ரொம்பக் காலமாகிறது. கடையும் நன்றாகப் போகிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் மௌன ஜெபம் என்றால் பெரியப்பா ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபிப்போம். சாமி எந்தப் புது வீட்டை மந்திரிக்கப் போனாலும் வாசற்படியில் நின்று, "இது ஸ்டெல்லா மாட்டின வீடா?" என்று விசாரிக்காமல் உள்ளே கால் வைப்பதில்லை. வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், அழைப்பு இருக்கிறதோ இல்லையோ எல்லா மந்திரிப்புக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கும் எங்கள் நைனா முந்திக்கொள்வார். "ஆமா சாமி, எம் பொண்ணு மாட்டினதுதான். நீங்க அசைஞ்சிக்கினே ஜெபம் பண்ணுங்க!"