வியர்க்கும் கயிறு

இத்தனை கூட்டம் என்றைக்காவது என் டோஃபுவைத் தேடி வந்திருந்தால் இந்நேரம் கூரைக்கு ஓடு போட்டிருப்பேன் என்று ஒக்பூன் நினைத்துக்கொண்டாள். பிள்ளை பெற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடியில் அடுப்பனல் ஓடும் சூடான தரையில் மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். காகிதக் கதவுக்கு அப்பால், உப்பளத்து ஊர் மொத்தமும் அவள் வீட்டு வாசலில் தொங்கிய வைக்கோல் கயிற்றை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது.

கயிறு வியர்த்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. கூட்டம் "ஆ" என்றது. அடுத்த சொட்டுக்கும் "ஆ" என்றது.

பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் இடப்பக்கமாக முறுக்கிய கயிறு கட்டுவது அந்த ஊர் வழக்கம். ஆண் என்றால் சிவப்பு மிளகாய் செருகுவார்கள். பெண் என்றால் கரித்துண்டு. கயிறு தொங்கும் மூன்று வாரமும் வெளியாள் உள்ளே வரக் கூடாது. கூடப்பிறந்தவளானாலும் வரி கேட்க வந்தவனானாலும் கயிற்றைக் கண்டால் திரும்பிவிட வேண்டும். யார் யோசித்து வைத்ததோ, உருப்படியான வழக்கம். அதனால்தான் பியோ சாமி அதைத் தலைகீழாக்கினார்.

மழைக்காலம் தொடங்கியபோது படகில் வந்து இறங்கினார் அவர். சும்மா கயிறு ஆளைத்தான் தடுக்கும், என் கயிறு கக்குவான் இருமல் பேயையே பிடித்து முறுக்கும் என்றார். முறுக்குகிற வேகத்தில் பேய்க்கு வியர்க்குமாம். வியர்த்துவிட்டால் பேய் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு ஊரே உள்ளே வரலாம், அந்த வியர்வையைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் சாமி பிள்ளையின் மூக்கில் ஊதுவார். ஆயுசுக்கும் இருமல் வராது.

வெயில் நாளில் பேய்க்கு வியர்க்காது. மூட்டமான நாளில் கொட்டும். இப்படியும் ஒரு ஜீவன் இருக்குமா என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கயிற்றுக்குக் காணிக்கை ஒரு மூட்டை உப்பு. சாமிக்கு உப்பு எதற்கு என்று கேட்பது பாவம்.

அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கியது ஒக்பூனின் மாமியார் அல்ல. ஒக்பூன்தான். தலைச்சன் பெண் குழந்தை இருமி இருமி, நீலம் பாரித்து, அவள் கையிலேயே அடங்கிப்போனது. இந்த முறை மாதம் நெருங்கியதுமே கணவன் மான்சிக்கிடம் அழுது வாங்கவைத்தாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நம்பாமல் இருந்து இதுவும் போய்விட்டால் யாரை நொந்துகொள்வது என்ற பயம் மட்டும் தெரியும். பயமும் நம்பிக்கையும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவசரத்தில் எது எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஊர் மருத்துவச்சி நம்சுக். கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்துத் தொப்புள்கொடி அறுத்துப் பிள்ளையை எடுத்தவள். கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாயேன் நம்சுக். அதான் பேயைப் புடிச்சாச்சே" என்றாள் மாமியார்.

"இருமுற வீட்டுலேர்ந்து வரேன், அத்தை. குளிச்சுத் துணி மாத்தாம கயித்தைத் தாண்ட மாட்டேன். பிள்ளை எப்படிப் பால் குடிக்குதுன்னு இங்கேருந்தே சொல்லுங்க."

"சாமியும் அந்த வீட்டுலேர்ந்துதான் வராரு. அவரு தாண்டலயா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

முற்றத்தின் நடுவில் நின்ற சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக இருமினார். கூட்டம் பயபக்தியோடு தலை குனிந்தது.

"பேய் கத்துது" என்றார். "ஊர்ல புடிச்சதையெல்லாம் என் நெஞ்சுக்குள்ளதான் அடைச்சு வச்சிருக்கேன்."

"அப்ப பிள்ளை மூக்குல ஊதினா எது வெளிய வரும், சாமி?"

சாமி வானத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கப்சூன் அவருக்காகச் சண்டைக்கு வந்தாள். "குதர்க்கம் பேசாத நம்சுக்." கப்சூனின் முதுகில் துணியால் கட்டியிருந்த குழந்தை விடாமல் இருமி, கடைசியில் கூவுவதுபோல் மூச்சை இழுத்தது.

"உன் வீட்டுக் கயிறு வேர்த்துச்சா?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு."

"பின்ன ஏன் புள்ள இருமுது?"

"இது பேய் இருமல் இல்ல. பேய் போன இருமல்."

இதைக் கேட்டுச் சாமியே ஒரு கணம் அசந்துபோனார். அடுத்த ஊரில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கக் கூடும்.

காகிதக் கதவு நகர்ந்தது. மாமியாரின் ஈரமான விரல் ஒன்று உள்ளே நீண்டு ஒக்பூனின் உதட்டைத் தொட்டது. அவள் நாக்கு தானாக நீண்டு துடைத்தது.

கசந்தது.

அந்தக் கசப்பை அவள் பால்பல் முளைத்த நாளிலிருந்து அறிவாள். மழைக்காலத்தில் அந்த ஊரில் உப்பு மூட்டைகளும் வியர்க்கும். ஈரக்காற்றைக் குடித்துக் கசப்புத் தண்ணீரைச் சொட்டும். அடியில் ஜாடி வைத்துப் பிடித்து, அதை விட்டுத்தான் சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்வார்கள். எல்லா வீட்டிலும் செய்வார்கள். புழக்கடையில் வியர்க்கும் மூட்டை, வாசலில் வியர்க்கும் கயிறு. நடுவில் இருப்பது ஒரு வீடு. அந்த ஒரு வீட்டு தூரத்தை ஊரில் எந்த மனமும் நடந்து கடக்கவில்லை. ஊரே அதை நக்கிப் பார்த்திருக்கிறது. நானும்தானே கடக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

"பிள்ளையைக் கொண்டா, ஊதறேன்" என்றார் சாமி. மறுபடி இருமல் வந்தது.

அவள் போர்வையை இழுத்து மகனை மூடினாள். சாமியைத் தாண்டி முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இந்தா, அடுப்புல சோயாப் பால் இருக்கா?"

"இப்பதான் பொங்கி இறக்குனேன்" என்றான் மான்சிக்.

"கயித்தைப் பிழிஞ்சு அதுல ஊத்து. எல்லாருக்கும் தெரியற மாதிரி வச்சு ஊத்து."

"பேயோட வேர்வையை அடுப்படிக்குக் கொண்டு போனா வீடு பத்திக்கும்" என்று சாமி பதறினார்.

"பத்தினா உள்ள இருக்கறவ நான்தானே. ஊத்து."

மான்சிக் பானையை முற்றத்துக்குத் தூக்கிவந்தான். கயிற்றை முறுக்கிப் பிழிந்தான். துடுப்பால் மெதுவாகக் கிளறினான். வீடு பற்றவில்லை. பால் திரிந்தது. வெள்ளைக் கட்டிகள் மேகம் மேகமாக மேலே வந்தன, தெளிந்த நீர் விலகி நின்றது. மான்சிக்கின் கை பழக்கதோஷத்தில் வடிகட்டும் துணியைத் தேடியது.

கிழவர் ஒருவர் கரண்டியால் அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"கொஞ்சம் வைக்கோல் வாடை. மத்தபடி நல்ல டோஃபு."

"பார்த்தீங்களா" என்றார் சாமி. "என் சக்திக்குப் பயந்து பேய் டோஃபுவா மாறிடுச்சு."

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. மான்சிக் தன் உப்பு மூட்டைக்கு அடியிலிருந்த ஜாடியை எடுத்துவந்தான். மிச்சப் பாலில் அதை ஊற்றினான். அதுவும் திரிந்தது. கிழவர் அதையும் தின்று பார்த்து, இதில் வைக்கோல் வாடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப எங்க மூட்டையிலயும் பேயா, சாமி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஆமா."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க தின்னதெல்லாம்?"

நிறையப் பேர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கப்சூன் மட்டும் உதடு அசைய எதையோ கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "என் உப்பையே வாங்கி, அந்தத் தண்ணியிலயே கயித்தை ஊறவச்சு, எனக்கே வித்திருக்கான்."

ஊருக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் இருமியபோது வராத கோபம், உப்பு என்றதும் வந்தது. சாமி படகுத்துறையை நோக்கிப் பேய் துரத்துவதுபோல் ஓடினார். ஊர் பின்னால் ஓடியது.

ஒக்பூன் மகனின் மூச்சைக் காதால் தொட்டுப் பார்த்தாள். சீராக இருந்தது. அவள் சொன்னபடி மான்சிக் வாசலில் வெறும் கயிறு ஒன்றை முறுக்கிக் கட்டி மிளகாய் செருகினான்.

அந்திக்குள் கூட்டம் சாமியிடமிருந்து பிடுங்கிய உப்பு மூட்டைகளோடு திரும்பிவந்து மறுபடியும் அவள் வாசலிலேயே நின்றது.

"ஒக்பூன், அந்த டோஃபுல ஒரு துண்டு குடேன்" என்றாள் கப்சூன். "புள்ள நெஞ்சுல தேய்க்கறேன். திருடனையே காட்டிக் குடுத்த டோஃபு, சும்மாவா?"

மாமியார் கதவோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உன்னைத்தான் சாமிங்கறாங்க. உள்ள விட்டு, பிள்ளை முகத்தை ஒரு தடவை காட்டிடேன்."

ஒரு நொடி இனித்தது. இத்தனை கண்கள், அவளுக்காக. ஓட்டுக் கூரைகூடக் கண்ணில் தெரிந்தது. பிறகு தலைச்சனைப் பார்க்க வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கயிறு அவிழ்த்ததும் எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். கைக்குக் கை மாற்றி எல்லோரும் முத்தம் கொடுத்தார்கள். அதில் யாரோ ஒருவர் இருமினார்.

"டோஃபுவை நெஞ்சுல தேய்க்காத, கப்சூன். சோயா சாஸ் தொட்டுத் தின்னு. நம்சுக்கைக் கூட்டிக்கிட்டுப் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடு, இப்பவே. இன்னும் இருமல் வராத பிள்ளைங்களுக்கு மத்தவங்க போய்த் தடுப்பூசி போட்டுட்டு வாங்க."

"அப்ப முகம்?" என்றது கூட்டம்.

"கயிறு கட்டியிருக்கு."

"இந்தக் கயிறு வேர்க்கவே இல்லையே" என்று யாரோ குறைப்பட்டார்கள்.

"அது சும்மா தொங்கட்டும்" என்றாள் ஒக்பூன். "வேர்க்க வேண்டியது உங்க மூளை."

மகன் கண் விழிக்காதபடி, காகிதக் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினாள்.