காணாமல் போன செம்பு

செம்பு மறுபடியும் காணாமல் போயிருந்தது.

ஆராய்ச்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கருங்கல் பொடி, துளிச் செம்பு, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சின்னத் தங்கக் குழாயில் அடைத்து உலையில் வேகவைப்பார். கல் உருகும், அதில் கொஞ்சம் படிகமாகும். கற்குழம்பும் படிகமும் வெந்நீரும் உடன்பிறப்புகள் போலச் செம்பைப் பாகம் பிரித்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. ஆனால் எல்லார் பங்கையும் கூட்டினால் போட்டதில் பாதி இல்லை. குழாயைக் குத்திக் கழுவி எடுக்கும் தண்ணீரின் பங்கு சுத்தமாகப் பூஜ்யம். இந்த மாதமும் கணக்கு உதைத்தால் வேலை இல்லை என்று ஆய்வுக்கூட இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தங்கம்தான் முழுங்கியிருக்கும்!"

குழாயையே கரைத்துப் பார்த்தார். தங்கம் பாவம், நிரபராதி. குழாய் போனதுதான் மிச்சம்.

உப்பைக் கூட்டினால் செம்பு தண்ணீருக்கு ஓடிவருமே என்று கூட்டினார். இப்போது முக்கால்வாசியைக் காணோம். தண்ணீரில் அப்போதும் பூஜ்யம்!

வீட்டில் மனைவி கேட்டாள்: "சாப்பிடும்போதாவது அந்தச் செம்பை விடுங்களேன்."

"வேலை போனா எதைச் சாப்பிடறது?"

"எங்கண்ணன் உங்ககூடத்தானே இருக்கார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"குழாயைக் குத்திக் கழுவித் தர்றவர்கிட்டயா? நீ நச்சரிச்சேன்னுதான் அவரைச் சேர்த்தேன். ஆளை விடு!"

மறுநாள் இயக்குநர் மடக்கினார். "என்னய்யா, செம்பு எங்கே?"

பயத்தில் வாய் உளறியது. "கண்ணுக்குத் தெரியாத ஏதோ புதுப் படிகம் தின்னுடுது போல, சார்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அட, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அவ்வளவுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லி, விஞ்ஞானிகள் கூட்டத்தையே ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிவந்துவிட்டார். இல்லாத படிகத்தை எங்கே போய்த் தேடுவது? தொலைந்தோம் என்று ஆராய்ச்சியாளர் சுவரோரம் நின்றார்.

வந்தவர்களில் ஒரு அம்மாள், குழாய் கழுவும் மச்சானிடம் கேட்டார். "குழாயை எப்படித் திறக்கிறீங்க?"

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார்.

"குத்தினதும் உள்ளேருந்து ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி வரும்மா, மாப்ளையோட ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதேன்னு அதை நல்லா துடைச்சுப் போட்டுட்டு, சுத்தமான தண்ணியிலதான் கழுவிக் கொடுப்பேன்!"