நாலு நாள் வேண்டுதல்

"எனக்குத் தறியிலேர்ந்து நாலு நாள் லீவு வேணும்பா. கடலாமை பார்க்கப் போகணும்."

அர்ஜுனனின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் செய்யவே கூடாதது என்று அம்மா இரண்டு விஷயங்களைச் சொல்லி வைத்திருந்தாள். பாதிப் புடவை தறியில் நிற்கும்போது லீவு கேட்கக் கூடாது. தறிக்குழிப் பக்கத்தில் நின்று ஆமை என்ற பெயரை எடுக்கவே கூடாது. ஏலவார்குழலி இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், அந்தத் தெருவின் முதல் பட்டதாரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னா சொன்னே?"

"ஆமை."

"திரும்பவும் சொல்றா பாரு!"

அர்ஜுனன் குழியிலிருந்து ஏறிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சொன்னது அவள், கொப்பளித்தது அவர்.

எல்லாம் ஓர் அஞ்சலட்டையால் வந்தது. தபால்காரர் வீடு மாற்றிப் போட்டு, அத்தை லோகாம்பாள் வீட்டில் ஒரு நாள் கிடந்துவிட்டுத்தான் குழலியின் கைக்கு வந்தது. அத்தைக்கு எழுத்து தெரியாது என்பதால் குழலி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எழுதியவர் அவளுடைய பழைய பேராசிரியர் இளங்கோவன். மாசிப் பௌர்ணமியன்று நண்பகலுக்குள் மகாபலிபுரம் கடற்கரைக்கு வந்துவிட வேண்டும். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கடலோரமாகவே தெற்கே நடந்து, நாலாம் நாள் பாலாறு கடலில் சேரும் இடத்தில் முடிப்பார்கள். முட்டையிடக் கரையேறும் ஆமை, அலைக்கு அப்பால் துள்ளும் ஓங்கில் என்கிற டால்பின், நண்டு, பறவை எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். யார் நன்றாக எழுதுகிறார்களோ அவருக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. இருப்பது ஒரே ஓர் இடம்.

பட்டம் வாங்கி ஒரு வருஷமாக, அப்பாவின் தறியில் புடவையின் வலதுபக்கக் கரைக்கு நாடா தள்ளும் கோர்வை ஆளாகத்தான் குழலி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால் தறி நிற்கும்.

"பாலாறு கடல்ல சேருதா? தண்ணியே இல்லாத ஆறு எங்கேர்ந்து போயி சேரும்? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?" என்றார் அர்ஜுனன்.

"கச்சபேஸ்வரர் கோயில்ல பெருமாளே ஆமையா வந்துதானே கும்பிட்டாரு? அங்க மட்டும் விழுந்து விழுந்து கும்பிடறீங்க?"

"அது சாமி ஆமை. இது சாதா ஆமை!"

அடுப்படியிலிருந்து மணியம்மாள் ஓடிவந்தாள். மகளின் வாயை அடைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, தானே பேசிவிடுவது.

"அவ ஒளர்றாங்க. பரீட்சை சமயத்துல ஜுரம் வந்துதே, அப்ப வேண்டிக்கினா. பாஸானா மாசி மகத்துக்குக் கடலாடிட்டு, கரையோரமா நாலு நாள் நடக்கறேன்னு. அத்தச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு இன்னான்னமோ பேசறா."

அர்ஜுனனின் முகம் மாறியது. தறி அமாவாசைக்கு நிற்கும். அதை விட்டால் சாமிக்கு நிற்கும்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போய்ட்டு வா. ஆனா தனியா இல்ல. எங்கக்கா கூட வரும்."

லோகாம்பாள் அத்தை சிக்குப்பிடித்த பட்டுநூலை உதறுகிற மாதிரி மனிதர்களை உதறிப் பார்க்கிறவள். அன்று சாயந்திரமே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தச் சாமிக்குடி வேண்டிக்கினே?"

"அது... கடல் சாமிக்கு."

"மகம் ஒரு நாளுதானே. நாலு நாள் எதுக்கு?"

"கரையில இருக்கிற ஜீவனையெல்லாம் தரிசனம் பண்ணணும் அத்தை."

அத்தை அவள் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அலை ஆள் ஒசரத்துக்கு வருமா?" என்று கேட்டாள் அத்தை.

"வரும்."

"சரி. எங்க பக்கத்து வூட்டு காந்தாவும் வடிவும் வர்றேன்றாங்க. கூட்டிக்கினு போலாம்."

மறுநாள் மூன்று பேர் ஐந்து பேராகிவிட்டார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு பேராசிரியர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? குழலி அவர்களைப் பயமுறுத்திக் கழற்றிவிட முடிவு செய்தாள். குழாயடியில் நின்று வேண்டுதலின் விதிமுறைகளை அறிவித்தாள்.

"செருப்பு போடக் கூடாது. மணல்லதான் படுக்கணும்."

யாரும் அசையவில்லை.

"நாலு நாளும் அடுப்பு பத்த வெக்கக் கூடாது. வெறும் அவலு, பொரி."

"சமைக்கவே கூடாதா?" என்றாள் ஐந்தாவது வரை படித்த வடிவு.

"கூடவே கூடாது!"

"ஆம்பளைங்க?"

"கிட்டவே வரக்கூடாது. வேண்டுதல் கெட்டுப் போயிடும்."

பொழுது சாய்வதற்குள் ஐந்து பேர் பதினொன்றாகிவிட்டார்கள். பதினோராவது ஆள் மணியம்மாள்.

பயந்துபோன குழலி வேறு பக்கமாகத் திரும்பினாள். "அத்தை, ஒரு நாள் போதும்னு தோணுது. மகத்தோட முடிச்சிக்கலாமா?"

"வேண்டுதலைக் கொறைப்பாங்களா யாராச்சும்?" அத்தை சீறினாள். "நாலுன்னா நாலு!"

பையும் தன் பங்குக்குச் சதி செய்தது. முன்னாள் ராணுவத்துக்காரர் தாவீது, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஆணியில் தொங்கிய தன் காக்கி முதுகுப்பையைக் கழற்றிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் வந்ததும், குழலி மிலிட்டரியில் சேர்ந்துவிட்டாள் என்று பக்கத்து ஊர் முசரவாக்கம் வரை செய்தி போய்விட்டது. அதைச் சரிக்கட்ட மணியம்மாள் பையைப் பட்டுக்குச் சாயம் போடும் கொப்பரையில் மஞ்சளில் முக்கினாள். காக்கியும் மஞ்சளும் சேர்ந்து, முப்பது வருஷமாகச் சாயம் போடுகிறவருக்கே பெயர் தெரியாத ஒரு நிறம் வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அது வேண்டுதல் நிறம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பௌர்ணமியன்று காலை ஏழு மணி பஸ். ஆறு மணிக்கே வாசலில் மேளக்காரர் முனிசாமி நின்றார். பதினோரு பெண்கள் மஞ்சள் புடவையில், தலையில் மூட்டையோடு. பதினோரு தறிகள் நிற்கப்போகிற துக்கத்தில் ஆண்கள், ஆனால் சாமி காரியமாயிற்றே என்று வாயைத் திறக்கவில்லை.

அத்தை குழலியின் கையில் ஓர் அஞ்சலட்டையைத் திணித்தாள். "நேத்தும் எங்க வூட்லயே போட்டுட்டுப் போயிட்டான். அப்பறமா படி."

அர்ஜுனன் பார்த்துவிட்டார். "இன்னாது அது? சத்தமா படி. நல்ல நேரத்துல வந்துருக்குது."

பேராசிரியர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'உறவினர் யாரையும் உடன் அழைத்து வரக் கூடாது. வந்தால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.'

வேறு எதையாவது படித்துவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது வடிவின் செருப்பில்லாத கால் கண்ணில் பட்டது. இவர்களைக் கடற்கரையில் விட்டுவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது? அதைவிட, தன் காலால் நாலு நாள் நடப்பதற்கு ஒரு பட்டதாரி எத்தனை சாமியைத்தான் துணைக்குக் கூப்பிடுவது? குழலிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்றாள். "நான் ஆமை பார்க்கத்தான் போறேன். அங்க எனக்கு ஒரு வேலை கிடைக்கும். வேண்டுதல்னு சொல்லி இவங்கள ஏமாத்தினது நானு."

முனிசாமி மேளக்கோலை இறக்கினார்.

அர்ஜுனன் மெல்லத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போங்க. தறியில உக்காருங்க. எவளும் எங்கயும் போவல."

"அவங்க போறதும் போவாததும் அவங்க இஷ்டம். நான் போறேன். கோர்வைக்கு ஆள் பார்த்துக்குங்கப்பா."

பையை முதுகில் ஏற்றினாள். இது இப்போது எடுத்த முடிவு அல்ல, முதல் அஞ்சலட்டை வந்த அன்றே எடுத்தது. எடுத்த முடிவுக்கு அனுமதி கேட்கப் போனதுதான் தப்பு.

அவள் வாசலைத் தாண்டிய அதே நொடியில் அத்தை பாய்ந்து வந்து ஒரு கைப்பிடித் திருநீற்றை அவள் நெற்றியில் அப்பினாள்.

"டேய் அர்ஜுனா! கன்னத்துல போட்டுக்கோடா!" தெருவே அதிர்ந்தது. "ஆமை, ஆமைன்னு பொண்ணு வாயில வந்து கூப்புடறது யாருன்னு நெனச்சே? கச்சபேஸ்வரர்டா! தடுத்தா தறி நெலைக்குமா?"

அர்ஜுனனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பின்னாலிருந்த ஆண்களின் கைகளும் போயின. முனிசாமி இரட்டை வேகத்தில் மேளத்தை முழக்கினார்.

"அத்தை, நான் சொன்னது நெசம்—"

இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

குழலி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நெற்றியிலிருந்து திருநீறு கண்ணில் கொட்டியது. பின்னால் பதினோரு ஜோடிக் கால்களும் அவளுக்குச் சமமாக ஓடிவந்தன. மேளச் சத்தம் தேய்ந்து, தெருமுனை திரும்பியதும் அத்தை மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"வேண்டுதல் பொய்யினு பதினோரு பேருக்கும் தெரியும்டி, ரெண்டு அட்டையையும் வடிவுதான் படிச்சிக் காட்டினா, ஒங்க வாத்தியார் எதிர்க்க ஒன்னை யாருன்னே தெரியாதுன்னுடறோம், ஆமை எத்தனை மணிக்குக் கரையேறும், அத்தச் சொல்லு மொதல்ல!"